டெக்சாஸ்ல வீடு ரீமாடல் பண்றவங்களுக்கு: ஐஆர்எஸ் சேல்ஸ் டாக்ஸ் கால்குலேட்டர் எப்படி இருக்கு?

ஐஆர்எஸ் (அமெரிக்க மத்திய அரசோட வரித்துறை) வெப்சைட்ல சேல்ஸ் டாக்ஸ் டிடக்ஷன் கால்குலேட்டர்னு ஒண்ணு இருக்கு, நம்ம கட்டின சேல்ஸ் டாக்ஸ்னு வருமானத்துல எவ்ளோ கழிக்கலாம்னு சொல்லும், ஃப்ரீ தான், லாகின் கூட வேணாம். 2025 ரிட்டர்னுக்கு அதை வச்சு தான் கணக்கு போட்டோம், ரொம்ப திருப்தி. டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன் மாதிரி சம்பளத்துக்கு ஸ்டேட் டாக்ஸ் இல்லாத இடத்துல இருக்கிற நம்மாளுங்க இதை கண்டிப்பா ஒரு தடவ திறந்து பாருங்க.

ஏன் இப்போன்னா, 2018ல இருந்து ஸ்டேட், லோக்கல் டாக்ஸ் எல்லாம் சேத்து 10,000 டாலர் தான் கழிக்க முடியும்னு வச்சிருந்தாங்க, இங்க டல்லாஸ் பக்கம் நிறைய வீட்டுக்கு ப்ராபர்டி டாக்ஸே அதை முழுங்கிடும், சேல்ஸ் டாக்ஸ் பில்லை எடுத்து வச்சும் பிரயோஜனம் இல்ல. 2025க்கு அந்த லிமிட்டை 40,000 ஆக்கிட்டாங்க (வருமானம் 500,000 தாண்டினா குறைய ஆரம்பிக்கும்). ஆனா ஐட்டமைஸ் பண்ணா (கழிவு ஒவ்வொண்ணையும் தனித்தனியா கணக்கு காட்டினா) தான் இது, ஜோடியா ஃபைல் பண்றவங்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷனே (கணக்கு காட்டாமலே கழிக்க விடுற தொகை) 2025க்கு 31,500, நம்ம மொத்த கழிவு அதை தாண்டலன்னா இந்த வேலையே வேணாம். அதே மாதிரி ஸ்டேட் இன்கம் டாக்ஸ், சேல்ஸ் டாக்ஸ் ரெண்டுல ஒண்ணை தான் எடுக்கலாம், கலிஃபோர்னியா ஆளுங்களுக்கு பெரும்பாலும் இன்கம் டாக்ஸ் தான் பெருசா வரும்.

யூஸ் பண்றது ஈஸி. வருமானம், எத்தனை பேர் டிபென்டன்ட், ஜிப் கோடு இதெல்லாம் கேக்கும், வருஷ நடுவுல வீடு மாறி இருந்தா எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும்னு போடணும். மளிகை, துணிமணி பில் எதுவும் தேவையில்ல, அதுக்கெல்லாம் ஐஆர்எஸ் போட்டு வச்சிருக்கிற டேபிள்ல இருந்து அதுவே ஒரு தொகை குடுத்துடும். அது மேல கார், போட் மாதிரி பெரிய ஐட்டத்துக்கு கட்டின டாக்ஸை தனியா சேத்துக்கலாம், வீடு கட்ற சாமானும் அந்த லிஸ்ட்ல வருது. ரீமாடல் பண்றவங்களுக்கு மெயினே இந்த இடம் தான்.

இங்க எங்க ஏரியால 8.25% டாக்ஸ். டைல், சிமென்ட் போர்டு, தின்செட் (டைல் ஒட்டற கலவை), கேபினெட், ஷவர் வால்வுன்னு 24,000 டாலருக்கு சாமான் எடுத்தா டாக்ஸ் மட்டும் 1,980. 22% பிராக்கெட்ல (வருமானத்தோட மேல் பகுதிக்கு 22% வரி) இருக்கிறவங்களுக்கு அதுல சுமார் 435 டாலர் மிச்சம், சும்மா விடக்கூடிய காசா சொல்லுங்க.

ஆனா அந்த இடத்துல எந்த நம்பரை போடலாம்ங்கிறதை நம்ம தான் முடிவு பண்ணணும், அதுக்கு ஷெட்யூல் ஏ (ஐட்டமைஸ் பண்றவங்க நிரப்புற ஃபார்ம்) இன்ஸ்ட்ரக்ஷன்ஸை கட்டாயம் படிங்க. பெரிய ரீமாடலா இருக்கணும், இல்ல புதுசா ரூம் எடுத்து கட்டினதா இருக்கணும், ஒரு குழாய மாத்தினேன், ஒரு ரூமுக்கு பெயின்ட் அடிச்சேன்னா செல்லாது. சாமானை நம்ம பேர்ல வாங்கி இருக்கணும், அப்படி இல்லன்னா கான்ட்ராக்டர் நம்ம சார்பா, நம்ம சொல்றபடி தான் வாங்குறார்னு அக்ரிமென்ட்லயே எழுதி இருக்கணும். ஃப்ரிட்ஜ், சோபா இதெல்லாம் இதுல வராது, அது ஏற்கனவே டேபிள்ல அடக்கம்.

டெக்சாஸ்ல இன்னொரு சமாச்சாரம் இருக்கு. மொத்தமா இவ்ளோன்னு லம்ப்சம்மா பேசினா சட்டப்படி கான்ட்ராக்டர் தான் சாமானுக்கு டாக்ஸ் கட்றவர், நமக்கு வர்ற பில்லுல டாக்ஸ்னு ஒரு லைனே இருக்காது, கழிக்கவும் முடியாது. சாமான் தனி, கூலி தனின்னு பிரிச்சு அக்ரிமென்ட் போட்டா சாமானுக்கு மட்டும் டாக்ஸ் தெளிவா பில்லுல வரும், வீட்டு ரீமாடல் கூலிக்கு இங்க சேல்ஸ் டாக்ஸ் கிடையாது. எங்க கான்ட்ராக்டர் கிட்ட முதல்லயே பேசிட்டோம், டைல், கேபினெட் எல்லாம் நாங்களே எங்க கார்டுல எடுத்தோம், ரெசிப்டை ஈமெயில்ல அனுப்ப சொல்லிட்டோம், ஏன்னா கடைல குடுக்கிற அந்த வழவழ பேப்பர் கொஞ்ச மாசத்துல வெளுத்து போய் ஒண்ணுமே தெரியாது. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இதை பேசிடுங்க, முடிஞ்சப்புறம் கேட்டா யாரும் பில்லை மாத்தி தர மாட்டாங்க.

என் ரேட்டிங் 5க்கு 4. நம்ம குடுக்கிற டீட்டெயில் எதையும் அது சேவ் பண்றதில்ல, வெளிய வந்தா அழிஞ்சிடும், பிரைவசிக்கு நல்லது தான், ஆனா கடைசி பக்கத்தை பிரின்ட் எடுத்து ரெசிப்டோட சேத்து வச்சிடுங்க.

அப்புறம், இப்போ கழிச்ச டாக்ஸை பின்னாடி வீடு விக்கும்போது காஸ்ட் பேசிஸ்லயும் (லாபம் கணக்கு போடும்போது வீட்டுக்கு ஆன செலவுன்னு காட்டற தொகை) சேக்க முடியாது. சொந்தமா குடியிருக்கிற வீடா இருந்து கண்டிஷன் எல்லாம் சரியா இருந்தா ஜோடிக்கு 500,000 டாலர் லாபம் வரைக்கும் எப்படியும் டாக்ஸ் இல்ல, அதனால எங்களுக்கு இப்பவே எடுத்துக்கிறது தான் சரின்னு பட்டுச்சு.