தோவாளைப் பூ நகைகள்: ஒட்டியாணம் அருமை, ஜிமிக்கி சுமார்

என் சித்தி மகளின் திருமணத்தில், காலை நலங்குக்கும் மாலை வரவேற்புக்கும் தங்கத்தை ஒதுக்கிவிட்டுப் பூ நகைகளையே அணிவது என்று முடிவானபோது, நாகர்கோவிலின் அலங்காரக் கடைகளை நாடாமல், தோவாளை மலர்ச்சந்தையை ஒட்டி வீட்டிலேயே மாலை கட்டும் ஒரு குடும்பத்திடம் வேலையை ஒப்படைத்தோம். நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, ஆரம், வளையும் மோதிரமும் சேர்ந்த கைப்பூ, ஒட்டியாணம் ஆகியவை அடங்கிய ஒரு செட்டுக்கு 3,500 ரூபாய் வாங்கினார்கள். ஒரே நாளில் வாடிவிடும் பொருளுக்கு இது அதிகம் என்று வீட்டில் சிலர் முணுமுணுத்தார்கள். துணிப்பூ செட் வாங்கினால் பல கல்யாணங்களுக்கு ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அதில் மணம் ஏது?

கொடுத்த பணம் ஒட்டியாணத்திலேயே திரும்பிவிட்டது என்பேன். 2025ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்க மாலையின் பின்னல் முறையையே அதில் கையாண்டிருந்தார்கள். செவ்வரளியையும் வெள்ளரளியையும் மடித்து, இடையிடையே நொச்சி இலையைச் சேர்த்து, வரிசை பிசகாமல் பின்னும்போது, மடிப்பு ஒவ்வொன்றும் பட்டை தீட்டிய கல்லைப் போலப் புடைத்து நிற்கிறது. உருண்டையாகத் திரளாமல் தட்டையாக அமைவதால் சேலை மடிப்பின் மேல் அது பாந்தமாகப் பொருந்தியது. மணப்பெண் உட்கார்ந்து எழுந்தபோதும் நசுங்கவில்லை.

கைப்பூவுக்கும் அதே சிவப்பு வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்கு, மாலை கட்டும் அம்மா, "சோறு திங்கிற கையில அரளி வேண்டாம் மக்கா" என்று மறுத்துவிட்டார். அரளியின் இலை, பூ, பால் எல்லாமே நச்சுத்தன்மை கொண்டவை என்பதால் அவர் சொன்னது முற்றிலும் சரி. படத்தைக் காட்டினால் அப்படியே செய்து தரும் கடைகளில் இந்த எச்சரிக்கை கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. கைக்குச் சிவப்பு ரோஜா இதழ்களைச் சுருட்டிக் கட்டித் தந்தார்.

பூவின் நேரம் அறிந்து கட்டுவதிலும் அவர்களுடைய அனுபவம் தெரிந்தது. மல்லிகை மொட்டு காலையில் முத்துப் போல இறுகியிருக்கும். பொழுது சாயும் வேளையில் விரிந்துவிடும் என்பதால் மாலையில் மணம் கூடினாலும் கோத்த வடிவம் கலைந்துபோகும். எனவே நலங்குக்குரிய ஆரத்தை முழுவதும் மொட்டாலும், வரவேற்புக்குரியதை நிறமும் உருவமும் எளிதில் மாறாத வாடாமல்லியாலும் கட்டி, விளிம்பில் மட்டும் மல்லிகையை வைத்திருந்தார்கள். இரண்டையும் ஈரத்துணி விரித்த வாழையிலையில் பொதிந்து விடியற்காலையிலேயே மண்டபத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

குறை என்று சொன்னால் ஜிமிக்கிதான். சம்பங்கி மொட்டுகளைத் தடித்த கம்பியில் நெருக்கமாகக் கோத்திருந்ததால் காதுமடல் கீழே இழுபட்டது. நலங்கின் மஞ்சள் நீர் பட்டபின் கனம் மேலும் கூடி, ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. தலைமுடியோடு சேர்த்துப் பிடிக்கும் மாட்டல் ஒன்றைச் சேர்த்திருந்தால் இந்த அவதி இருந்திருக்காது. மாலையில் மணப்பெண் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் தங்க ஜிமிக்கியையே போட்டுக்கொண்டாள். நெற்றிச்சுட்டிக்கு ஊக்கு தரப்படவில்லை என்பது சிறிய குறை. கையோடு சில கொண்டை ஊசிகளை வைத்திருப்பது நல்லது.

ஆவணி முகூர்த்தத்துக்குக் கேட்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓணத்தை ஒட்டிக் கேரளத்துக்குப் பூ மொத்தமாகப் போவதால் தோவாளையில் பிச்சி, மல்லிகை விலை தாறுமாறாக ஏறும். முன்பணம் கொடுக்கும்போதே பூ விலையையும் கட்டுக்கூலியையும் தனித்தனியாகப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.