முதலில் பட்டாம்பூச்சிதான் வரும்: பிரசங்க உதாரணச் செயலி, நீண்ட பயன்பாட்டுக்குப் பிறகு

லெந்து காலத் தள்ளுபடியில் பிரசங்க உதாரணச் செயலி ஒன்றின் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது. பர்மாவில் மோல்மீன் பக்கம் ஊழியத்தில் இருக்கும் ஒரு தம்பி, "அண்ணன், இப்ப வாங்கிடலாமா? ஈஸ்டருக்குக் கதை ஒழுங்கா கிடைக்குமா?" என்று கேட்கிறார். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆங்கிலத்தில் வருகிற உதாரணத் தொகுப்புகள், புத்தகமோ செயலியோ, பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதிக்கொண்டவை. எதை வாங்கினாலும் ஈஸ்டர் பிரிவு ஒரே மாதிரிதான் இருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். வசனச் சுட்டி அருமை. 'நம்பிக்கை' என்று தலைப்பு வைத்துத் தேடினால் குப்பையும் கோதுமையுமாகக் கொட்டும். லூக்கா 24:21 என்று தேடினால் நாலைந்துதான் வரும், ஆனால் அந்த நாலைந்தும் எம்மாவு வழியில் மனம் உடைந்து நடந்த இருவரைத் தொட்டே நிற்கும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ரங்கூனில், சனிக்கிழமை ராத்திரி பிரசங்கம் தயாரிக்கிறவருக்கு இது பெரிய உபகாரம். சில பதிவுகள் சரிபார்த்தாலும் நிற்கின்றன. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் 1732இல் மொராவிய இளைஞர்கள் ஈஸ்டர் விடியலுக்கு முன் கல்லறைக் குன்றில் ஏறிப் பாடியது அப்படி ஒன்று. விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்தில் கூடும் சபைகளில் அதை இரண்டே வரியில் சொன்னால் போதும், கேட்கிறவர்கள் நிற்கிற இடமே மீதியைச் சொல்லிவிடும்.

இனி பட்டாம்பூச்சி.

ஈஸ்டர் பிரிவைத் திறந்தால் முதலில் வருவது அதுதான். புழு கூடு கட்டுகிறது, செத்ததுபோல் கிடக்கிறது, ஒருநாள் கூடு உடைகிறது, சிறகு விரிகிறது, அல்லேலூயா. பின்னாலேயே சிறுவர் பாடத்துக்குக் காகிதப் பட்டாம்பூச்சி வெட்டும் படம், திரையில் போட நாலு வண்ணத்தில் பட்டாம்பூச்சி. 'எனக்குக் காட்டாதே' என்று ஒதுக்கி வைத்தாலும் அடுத்த புதுப்பித்தலில் திரும்ப முதலிடத்துக்கு வந்துவிடும்.

மேல்நாட்டில் அது வெறும் சலிப்பாக இருக்கலாம். பர்மாவில் அது தப்பான உபதேசம். மனிதனுடைய ஆவியே பட்டாம்பூச்சி உருவில் உடலைவிட்டுப் பறந்துபோகிறது என்பது இந்த ஊரின் பழைய நம்பிக்கை. ஈஸ்டர் ஆராதனைக்கு நம் சபையார் மட்டுமா வருகிறார்கள்? பக்கத்து வீட்டுப் பௌத்தர் வருகிறார், கல்யாணத்தால் உறவான இந்துக் குடும்பம் வருகிறது, பர்மிய மொழியிலேயே யோசிக்கிற நம் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டாம்பூச்சி என்றதும் அவர்கள் காதில் விழுவது இரண்டில் ஒன்று. ஒன்று, உயிர் உடம்பை உதறிவிட்டுப் போயிற்று. அல்லது புழு செத்து வேறு பிறவி எடுத்தது. பிரசங்கி சொல்ல வந்ததோ அடக்கம்பண்ணப்பட்ட அதே சரீரம் எழுந்தது என்பதை. லூக்கா 24:37இல் சீஷர்களும் ஒரு ஆவியைக் காண்கிறதாகத்தான் நினைத்துப் பயந்தார்கள். அந்த நினைப்பைப் போக்கத்தான் இயேசு கைகளையும் கால்களையும் காட்டினார், பொரித்த மீனை வாங்கி அவர்களுக்கு முன்பாகச் சாப்பிட்டார். அவர் சிரமப்பட்டுத் திருத்திய பிழையை நாம் வண்ணப்படம் போட்டுத் திரும்பக் கொண்டுவருகிறோம். ஈஸ்டருக்கு அடுத்து வரும் தோமாவின் ஞாயிற்றுக்கும் இதே கதைதான். புழுவின் தழும்பு பட்டாம்பூச்சியின் மேல் இருக்காது. யோவான் 20:27 முழுக்கத் தழும்பைப் பற்றியது.

இதைத் தயாரிப்பாளர்களுக்கு எழுதிப் போட்டால், 'பயனர்களிடம் மிகவும் வரவேற்புப் பெற்ற உதாரணம்' என்று நன்றியோடு பதில் வருகிறது.

பனி உருகும் கதை, வசந்தகால லில்லி, முட்டையோட்டை உடைத்து வரும் குஞ்சு எல்லாம் இங்கே கெடுதல் செய்யாது, வெறுமனே ஒட்டாது. ஏப்ரலில் ரங்கூன் வெயில் 37 டிகிரிக்கு ஏறுகிற நேரத்தில் 'நீண்ட குளிருக்குப் பின்' என்று ஆரம்பித்தால் விசிறுகிற கை நிற்காது. அதற்குப் பதில் வாசலில் நிற்கும் படௌக் மரத்தைப் பார்க்கலாம். காய்ந்து கிடக்கும் மரம் பர்மியப் புத்தாண்டான திஞ்ஞானை ஒட்டி முதல் மழை விழுந்ததும் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும். ஆனால் அந்தப் பூ ஒரு நாள் நிற்பதே பெரிது, பிறகு தரையில்தான் கிடக்கும். இனி மரிப்பதில்லை என்கிற ரோமர் 6:9க்கு இது ஒத்துவராது. 'மழை வருவதற்கு முன்னாலும் மரம் சாகவில்லை' என்று சொல்லவந்தால் ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமைக்கு ஒத்துவரும். நெல்லிலும் இந்தச் சிக்கல் உண்டு. விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஈரச்சாக்கில் ஒன்றிரண்டு நாள் கட்டிவைத்து முளைகட்டுவது பெகு பக்கத்து விவசாயிக்குத் தெரியாததல்ல. அவர்முன் 'விதை செத்தால்தான் முளைக்கும்' என்று விஞ்ஞானம்போல் பேசினால், செத்த விதை முளைக்காது என்று மனதுக்குள் சிரிப்பார். யோவான் 12:24ஐ வைத்து, 'விதைத்த நெல்லை வயலில் தேடினால் நெல்லாகக் கிடைக்காது' என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்த உதாரணமும் ஓர் இடத்தில் நொண்டும். எங்கே நொண்டும் என்ற ஒரு வரியைச் செயலி எந்தப் பதிவிலும் போடுவதில்லை. எங்கிருந்து வந்தது என்பதையும் போடுவதில்லை. நிஜமாகக் கோபம் வருவது இங்கேதான்.

வாட்டர்லூ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் எதிரியைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் வந்த சமிக்ஞைச் செய்தி மூடுபனியில் 'Wellington defeated' என்பதோடு மறைய, அதை 'வெலிங்டன் தோற்றார்' என்று படித்து, தோற்றுவிட்டோம் என்று ஊரே அழுததாம், பிறகு பனி விலகி முழுச்செய்தியும் தெரிந்ததாம். போர் நடந்தது 1815 ஜூன் 18. வெற்றிச் செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு மேஜர் ஹென்றி பெர்சி லண்டன் சேர்ந்தது ஜூன் 21 இரவு. மூடுபனிக்கு அங்கே வேலையில்லை. போதாததற்கு, வெலிங்டன் யார் என்று நம் சபைக்கு விளக்கவே மூன்று நிமிடம் போய்விடும்.

அடுத்தது கியேவ் நகரில் 1930இல் சோவியத் தலைவர் புகாரின் நாத்திகச் சொற்பொழிவு ஆற்றியதாகவும், ஒரு குருவானவர் எழுந்து 'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்' என்றதும் கூட்டமே மறுமொழி முழங்கியதாகவும் ஒரு பதிவு. புகாரின் 1929 நவம்பரிலேயே கட்சியின் உயர் குழுவிலிருந்து தள்ளப்பட்டவர். அந்தக் கூட்டம் நடந்ததற்கு யாரும் ஆதாரம் காட்டுவதில்லை. கல்லறையில் சீலை மடித்து வைத்திருந்தது 'எஜமான் திரும்பி வருவான்' என்கிற யூத விருந்து வழக்கம் என்பதும் அதே ரகம், பழைய யூத நூல்களில் அப்படி ஒரு வழக்கத்துக்குச் சான்று இல்லை. நாற்பது வயதில் அலகைப் பிய்த்து எறிந்து இளமை பெறும் கழுகும் உண்டு. அலகில்லாத கழுகு பட்டினியில் சாகும்.

இவற்றைச் சோதிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கதையில் வருடமும் ஊரும் இருந்தால் அந்த வருடம் அந்த ஊரில் அது நடந்திருக்க முடியுமா என்று ஒரு கலைக்களஞ்சியத்தில் பாருங்கள். வருடமும் ஊரும் இல்லாவிட்டால் 'ஒரு கதை சொல்வார்கள்' என்று ஆரம்பியுங்கள், உண்மைச் சம்பவம் என்று சொல்லாதீர்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து மகனைத் தோண்டி எடுத்த ஆர்மீனியத் தகப்பன் கதை 1989, ரிக்டர் 8.2 என்று சுற்றுகிறது. அந்த நிலநடுக்கம் நடந்தது 1988 டிசம்பர் 7, அளவு 6.8. எண்ணே தப்பாக இருக்கும்போது மீதியை எதை நம்பிச் சொல்வது?

அந்தக் கதையை இங்கே எடுக்கவே கூடாது என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம், 7.7 அளவில் சகாயிங்கும் மாண்டலேயும் குலுங்கின. அந்த வருட ஈஸ்டர் ஏப்ரல் 20. மத்தேயு 27:51இலும் 28:2இலும் பூமி அதிர்கிறது, அதைத் தாண்டிக்கொண்டு போக முடியாது. ஆனால் 'அப்பா வருவார் என்று எனக்குத் தெரியும்' என்று முடிகிற கதையை, கல்லுக்கடியிலிருந்து உறவு திரும்பி வராத ஒருவர் உட்கார்ந்திருக்கும் சபையில் சொன்னால், அவருடைய அப்பா ஏன் வரவில்லை என்ற கேள்வியைப் பிரசங்கி எழுப்பிவிட்டுப் பதில் சொல்லாமல் இறங்கிப்போகிறார். வசனத்தை வாசித்து, கொஞ்சம் நிறுத்தி, மேலே போவது மேல்.

பெரிய வெள்ளி மூன்று மணி ஆராதனைக்கு வேறொரு தொல்லை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு பதினைந்து நிமிடம். எல்லார் கைப்பேசியிலும் இதே தொகுப்பு. ரயிலைக் காப்பாற்ற, பாலத்தின் பல்சக்கரத்தில் மகனை நசுங்கவிடும் பாலக்காவலன் லூக்கா 23:34க்கும் வருவான், யோவான் 19:30க்கும் வருவான். அந்தக் கதை நொண்டுவது சாதாரண இடத்திலும் இல்லை. அதில் பையன் ஒத்துக்கொண்டு சாகவில்லை, தவறி விழுந்து சாகிறான். யோவான் 10:18இல் இயேசு தாமே ஜீவனைக் கொடுக்கிறதாகச் சொல்கிறார். குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்பே ஏழு பேரும் தாங்கள் சொல்லப்போகும் கதையை ஆளுக்கொரு வரியில் அனுப்பிக்கொண்டால் இந்தச் சங்கடம் தீரும். எந்தக் கதையை எந்தச் சபையில் எப்போது சொன்னோம் என்று குறிக்கச் செயலியில் ஒரு கட்டம்கூட இல்லை. அதற்கு நோட்டுப்புத்தகம்தான்.

நீளத்தையும் செயலி பார்ப்பதில்லை. தமிழில் சொல்லி, வரிக்கு வரி பர்மியத்தில் மொழிபெயர்க்கும் ஆராதனையில் இரண்டு நிமிடக் கதை நாலரை நிமிடம் ஆகும். எட்டு வாக்கியத்துக்கு மேல் போனால் மொழிபெயர்ப்பவர் முடிச்சை முன்னாலேயே அவிழ்த்துவிடுவார். இருபத்தைந்து நிமிடப் பிரசங்கத்துக்கு இரண்டு கதை தாராளம்.

எதைச் சொல்வது என்றால், இந்த மண்ணிலேயே கிடக்கிறது. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் அன்றைய தலைநகர் ஆவாவில் சிறையில் இருந்தபோது, பர்மிய மொழிப் புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி அன் ஜட்சன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார், யாரும் ஆசைப்படாத அளவுக்குக் கரடுமுரடான தலையணை. 1825இல் கைதிகளை வேறு சிறைக்கு ஓட்டிப்போனபோது காவலன் மேலுறையை எடுத்துக்கொண்டு உள்ளே இருந்ததைக் குப்பையென்று எறிந்தான். மௌங் இங் என்ற விசுவாசி, கைதிகளின் நினைவாக இருக்கட்டும் என்று அதை வீட்டுக்கு எடுத்துப்போனார். உள்ளே இருந்தது பின்னால்தான் தெரிந்தது. ஞாபகத்துக்கு என்று எடுத்தவர் கையில் ஜீவவசனம். சுகந்தவர்க்கத்தோடு ஒரு சடலத்தைத் தேடிப்போன ஸ்திரீகளுக்கு இதைவிடப் பக்கத்தில் எந்தக் கதையும் நிற்காது. செயலியிலும் இது இருக்கிறது, 'முழு வேதாகமம்' என்ற பிழையோடு. முழு வேதாகமத்தின் மொழிபெயர்ப்பு முடிந்தது 1834இல்தான்.

ஈஸ்டருக்குப் பிந்திய ஆறு ஞாயிறுகளுக்குச் செயலியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. யோவான் 21க்கு மாண்டலேக்கு வடக்கே ஐராவதியில் வீச்சுவலைக்காரர்களைப் பாருங்கள். படகின் ஓரத்தைத் தட்டி ஓங்கில்களை (டால்பின்களை) கூப்பிடுவார்கள், ஓங்கில் மீனைத் திரட்டிக்கொண்டு வந்து வாலால் சைகை காட்டும்போது வலை விழும். இரவெல்லாம் தாமே வீசிக் களைத்தவர்கள், கரையில் நின்ற ஒருவர் சொன்ன பக்கம் வீசினது இப்படித்தான் புரியவேண்டும். நொண்டுமிடம்: ஓங்கில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், கரையில் நின்றவரோ ஏற்கெனவே மீனும் அப்பமும் தயாராக வைத்திருந்தார். நொண்டுமிடத்தையே சொன்னால் பிரசங்கம் இன்னும் நன்றாக முடியும்.

எம்மாவுக்கு 1942 இருக்கிறது. ஜப்பானியப் படையெடுப்புக்குத் தப்பி இந்தியாவை நோக்கிக் கால்நடையாகப் போன குடும்பங்களின் கதை இல்லாத தமிழ் வீடு இங்கே குறைவு. வீட்டாரிடம் அனுமதி கேளுங்கள், பெயரை விடுங்கள். வழியில் இறந்தவர்களைப் பற்றி அவர்கள் சொல்லாததைச் சேர்க்காதீர்கள்.

தம்பிக்குப் பதில்: வசனச் சுட்டி அந்தப் பாதி விலைக்குத் தகும், இணையமில்லாமல் ஓடுவதும் தகும். ஆனாலும் வாங்காதே. இங்கிருந்து கார்டு போட முடியாமல் சிங்கப்பூரில் இருக்கும் உறவிடம் கடன் சொல்லிக் கட்டிய சந்தாவில், திறந்தவுடன் அந்தப் பட்டாம்பூச்சி முகத்தில் வந்து உட்காருவதை இன்னொருவர் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஏற்கெனவே வாங்கியவர்கள் அமைப்புகளுக்குள் போய்ப் 'பருவகாலப் பரிந்துரை'யை அணைத்துவிடுங்கள், சுட்டி மட்டும் மிஞ்சும். தானாகப் புதுப்பித்தலையும் அங்கேயே நிறுத்தலாம். நிறுத்தாவிட்டால் அடுத்த வருடம் முழு விலைக்கு எடுத்துவிடுவார்கள்.