டிஃபரன்ஷியல் மாற்றச் சொன்னார்கள், ஆயிலோடு முடிந்தது

என்னிடம் இருப்பது 2005 ஹோண்டா சிஆர்வி கார், ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகக்கூடிய வகை). கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முக்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் போதும், பின்பக்கம் 'ங்ங்ர்ர்' என்று எருமை மாதிரி உறுமும், திண்ணையில் இருக்கிற ஆச்சி எட்டிப் பார்ப்பார். மதுரையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்க்காமலே, பின் டிஃபரன்ஷியலை (பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துத் தருகிற கியர் பெட்டி) மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு வண்டியையே விற்றுவிடலாம்.

அப்புறம்தான் காரைக்குடி தேவகோட்டை ரோட்டில் ஒரு மெக்கானிக்கின் தகர ஷெட்டுக்குப் போனேன். அந்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து நாலு தடவை வட்டமடிக்கச் சொன்னார். "தம்பி, முதல்ல ஆயிலை மாத்துவோம், அதுக்கு மேல பேசுவோம்." இந்த டிஃபரன்ஷியலுக்குள், முன் பின் சக்கர வேகம் வேறுபட்டால் பின் சக்கரங்களுக்கும் சக்தியை இணைக்க இரண்டு பம்பும் கிளட்சும் உண்டு, அதனால் ஹோண்டாவின் டூயல் பம்ப் ஆயில்தான் ஊற்ற வேண்டும், சாதா கியர் ஆயில் ஆகாது. ஒரு லிட்டர் போதும். வடிக்கிற நட்டைத் தொடுவதற்கு முன்னால் ஊற்றுகிற நட்டு கழல்கிறதா என்று பார்த்தார் (அது இறுகிப்போயிருந்தால், வடித்த பிறகு வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான்). வந்த ஆயில் கருப்பட்டிப் பாகு நிறம். சத்தம் போயே போச்சு.

கிழிந்திருந்த ஆக்சில் பூட்டையும் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டில் கிரீஸை மூடி வைக்கிற ரப்பர் உறை) ஆக்சிலை மாற்றாமல் பூட், கிரீஸ் மட்டும் போட்டு முடித்தார். டயரை ஜோடியாக மாற்றாதே, நாலையும் சேர்த்து மாற்று, முன்னும் பின்னும் தேய்மானம் வேறுபட்டால் பம்ப் சும்மா சும்மா வேலை செய்யும் என்றார்.

குறை என்றால், சொன்ன நாளில் வண்டி கிடைக்காது. எனக்கு மூன்று நாள் இழுத்தது, போனையும் எடுக்க மாட்டார்.