கலர் டோனிங் கற்றுத்தருவதாகச் சொல்லி என்னிடம் வாங்கிய 18,500 ரூபாய்: ஆடைப் படம் எடுக்கும் நண்பர்களுக்கு எச்சரிக்கை

நாளை ஞாயிற்றுக்கிழமை மாலை 7 மணிக்கு, நான் ஏமாந்த அதே இலவச இணையவழி வகுப்பு மறுபடியும் நடக்கப்போவதாக இன்று காலை விளம்பரம் வந்திருக்கிறது. அதனால்தான் ஆற அமர எழுதாமல் இப்போதே எழுதுகிறேன். ஆடை, நகை விளம்பரப் படங்களுக்குக் கலர் டோனிங் (படத்துக்கு ஒரு வண்ணச் சாயல் ஏற்றும் வேலை) கற்றுத்தருவதாகச் சமூக ஊடகங்களில் ஆள் சேர்க்கும் ஓர் இணையவழிப் பயிற்சி நிறுவனத்திடம் 18,500 ரூபாயை இழந்திருக்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

காஞ்சிபுரத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் திருமணப் படங்கள் எடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு முதல் பட்டுச் சேலைக் கடை ஒன்றுக்கு மாடல்களை வைத்துப் படமெடுத்துக் கொடுக்கிறேன். சேலைப் படத்தில் நிறம்தான் சரக்கு. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வாடாமல்லி, எம்.எஸ். நீலம் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குபவர்களுக்கு நாம் படம் காட்டுகிறோம். பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் ஓடும் மயில்கழுத்துச் சேலையோ மடிப்புக்கு மடிப்பு மாறித் தெரியும். படத்துக்கு ஒரு சாயலும் வேண்டும், சேலையின் நிறமும் பிசகக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யத்தான் எனக்குத் தெரியவில்லை. அதைக் கற்கத்தான் பணம் கட்டினேன்.

நான் நம்பிய நேரத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் நம்புவீர்கள். அந்த இலவச வகுப்பில் முதல் பத்து நிமிடம் உண்மையான பாடம் நடந்தது. ஆசிரியர் சேலை கட்டிய ஒரு பெண்ணின் படத்தைப் போட்டோஷாப்பில் திறந்து, கர்வ்ஸ் என்ற வளைகோட்டுக் கருவியில் நீலச் சானலின் (நீல நிறத்துக்கான கோட்டின்) கீழ்முனையைச் சற்றே மேலே தூக்கினார். நிழல்களில் நீலம் படர்ந்தது. மேல்முனையைக் கொஞ்சம் இறக்கினார். நீலத்துக்கு எதிர்நிறம் மஞ்சள் என்பதால் வெளிச்சப் பகுதிகளில் இளமஞ்சள் ஏறியது. ஏன் அப்படி ஆகிறது என்று காரணத்தோடு சொன்னார். அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு, இவருக்குத் தொழில் தெரியும், சொல்லித்தரவும் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வகுப்பு முடிந்த அரை மணி நேரத்தில் ஆலோசகர் என்று ஒரு பெண் அழைத்தார். “அண்ணா, நீங்கள் எந்தக் கேமரா வைத்திருக்கிறீர்கள்? யாருக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறீர்கள்?” என்று பொறுமையாகக் கேட்டார். பன்னிரண்டு நேரடி வகுப்புகள் உண்டு, என்னுடைய ரா ஃபைல்களையே (கேமரா பதிவுசெய்த, திருத்தாத மூலக் கோப்புகளையே) வைத்து மூன்று முறை தனித்தனியாகத் திருத்தித் தருவார்கள் என்றார். “இன்று இரவு 12 மணிக்குள் கட்டினால் 18,500, நாளை முதல் 35,000 அண்ணா” என்றார். யுபிஐயில் பணம் அனுப்பும்போது நிறுவனத்தின் பெயருக்குப் பதில் யாரோ ஒரு தனிநபரின் பெயர் திரையில் வந்தது. கேட்டதற்கு, “அது எங்கள் கணக்காளர் அண்ணா” என்றார். அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். ஆடி விற்பனைப் படங்களுக்குக் கடை கொடுத்திருந்த முன்பணத்திலிருந்து 18,500 ரூபாயை அனுப்பினேன்.

வகுப்பு தொடங்குவதாகச் சொன்னது பத்து நாள் கழித்து. நேரடி வகுப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. பதிவு செய்த பன்னிரண்டு காணொளிகளின் இணைப்பை அனுப்பினார்கள். முதல் ஐந்தும் மென்பொருளை நிறுவுவது, படத்தை வெட்டுவது பற்றியவை. கலர் டோனிங் இருந்தது ஒரே ஒரு காணொளியில், 22 நிமிடம். அதிலும் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில், நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் மட்டும் சாயல் ஏற்றும் ஸ்ப்ளிட் டோனிங் என்ற பழைய பகுதியைக் காட்டுகிறார்கள். 2020 அக்டோபரிலேயே, லைட்ரூமைத் தயாரிக்கும் அடோபி அதை எடுத்துவிட்டு, நிழல், இடைநிலை, வெளிச்சம் மூன்றுக்கும் தனித்தனி வண்ணச் சக்கரம் உள்ள கலர் கிரேடிங்கை வைத்துவிட்டது. இடைநிலையில்தானே மாடலின் தோல் நிறத்தில் பெரும்பகுதி இருக்கிறது! அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இத்தனை ஆண்டுகளுக்கு முந்தைய காணொளியைத்தான் ‘இந்த ஆண்டின் புதிய பாடத்திட்டம்’ என்று விற்றிருக்கிறார்கள்.

கூடவே நாற்பது பிரீசெட்டுகள் கொடுத்தார்கள். பிரீசெட் என்பது ஸ்லைடர்களின் அளவுகளைச் சேமித்த கோப்பு, அவ்வளவுதான். போட்டுவிட்டு ஸ்லைடர்களைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்படிப் பார்த்ததில் பதினொன்று ஒரே அளவுகள், பெயர் மட்டும் வேறு. மீதியில் பெரும்பாலானவை கேலிப்ரேஷன் என்ற பகுதியில் நீலத்தின் ஹ்யூவை (நிறச்சாயலை) இடக்கோடிக்குத் தள்ளி, பச்சையையும் நீலத்தின் பக்கம் சாய்த்தவை. வெளிர்த் தோலுக்காகச் செய்தவை என்பதால் நம் ஊர் மாடலின் மாநிறம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிறது. கிளிப்பச்சைச் சேலை நீலப்பச்சையாகிவிடுகிறது. இதை நன்றாகக் கவனிப்பதற்கு முன்பே, அவசரத்தில், ஆறு சேலைகளின் படங்களை அந்தப் பிரீசெட்டில் முடித்துக் கொடுத்துவிட்டேன். படத்தில் பார்த்த நிறம் இல்லையென்று இரண்டு சேலைகள் கடைக்குத் திரும்பி வந்தன. முதலாளி என்னைத் திட்டவில்லை; சேலையையும் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அந்த அவமானம் இந்த 18,500 ரூபாயைவிடப் பெரியது.

அதற்குப் பிறகுதான் தட்டிக்கழிப்பு. தனித்திருத்தத்துக்காக மூன்று ரா ஃபைல்களை அனுப்பி, சேலையின் நிறத்தைத் தொடாமல் டோனிங் செய்வது எப்படி என்று கேட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு “உங்கள் மானிட்டரில்தான் கோளாறு” என்றார்கள். அளவுத்திருத்தம் செய்த மானிட்டர் என்று படத்தோடு காட்டினேன். “ஆசிரியர் வெளியூரில் இருக்கிறார்”, “உங்கள் பேட்ச் மாறிவிட்டது”, “தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்” என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், பணம் கட்டிய ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். பத்தாவது நாள்தான் காணொளியே வந்தது என்றால் ஏழாவது நாளில் நான் எதைக் குறை சொல்லிக் கேட்பது? மாணவர்கள் குழுவில் இதைக் கேட்ட அன்றே என்னை நீக்கினார்கள். அண்ணா என்று அழைத்த பெண்ணின் எண்ணில் இப்போது மணி அடிப்பதுகூட இல்லை.

நான் கேட்ட கேள்விக்கு விடை, எங்கள் ஊரில் ஃபோட்டோ லேப் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் ஒரே மாலையில் கிடைத்தது. முதல் படத்தில் 24 கட்ட வண்ண அட்டையைச் சேர்த்தெடுத்து அதைக் கொண்டு நிறத்தைச் சரிசெய்வது, பிறகு சேலைக்கு மாஸ்க் போட்டு ஒதுக்கிவிட்டுப் பின்னணிக்கும் நிழல்களுக்கும் மட்டும் சாயல் ஏற்றுவது. அவர் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், நேரமில்லை. தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். நள்ளிரவுக்குப் பிறகு விலை ஏறும் என்றால் விட்டுவிடுங்கள். கட்டுவதற்கு முன்பே உங்கள் ரா ஃபைல் ஒன்றை அனுப்பி, உங்கள் கண்முன் திருத்தச் சொல்லுங்கள். ரசீதையும் உரையாடல்களையும் குழுவிலிருந்து நீக்குவதற்கு முன்பே சேமித்து வையுங்கள். ஏமாந்தது தெரிந்தால் உடனே இணையக் குற்றப் புகாருக்கு 1930 எண்ணிலும், நுகர்வோர் உதவிக்கு 1915 எண்ணிலும் சொல்லுங்கள். நான் இரண்டிலும் பதிந்திருக்கிறேன். 18,500 ரூபாய் இன்னும் வரவில்லை. அந்த ஆறு சேலைகளின் படங்களையும் திங்கட்கிழமைக்குள் முதலிலிருந்து திருத்திக் கடைக்குக் கொடுக்க வேண்டும், அதற்காக எழுந்து போகிறேன்.