அம்மாவின் நடைக்காலணி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

வலது முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் அவதிப்பட்ட என் 68 வயது அம்மாவை, தினமும் சற்று விரைவாக நடக்கும்படி மருத்துவர் அறிவுறுத்தியதால் இந்தக் காலணியை வாங்கினோம். அதுவரை ரப்பர் செருப்போடு நடந்த அவர், அது நழுவாமலிருக்க விரல்களை மடக்கிப் பிடித்தே களைத்துப்போவார்.

பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்நேரத்தில் வரச்சொல்லி, நிற்கவைத்து அளவெடுத்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம்விட்டுத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கடை ஊழியரின் பொறுமையை மனதாரப் பாராட்டுகிறேன். குதிகாலை இறுகப் பிடிக்கும் பின்பகுதியும், விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் வளையும் அடிப்பகுதியும் இதன் பெரும் பலம்.

நடந்தால் மூட்டு மேலும் தேயும் என்று அம்மா அஞ்சினார். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. ஒவ்வோர் அடியிலும் அது அழுந்தி விரியும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது என்று மருத்துவர் விளக்கிய பிறகே துணிந்தார். பேச முடியும், பாட முடியாது என்னும் வேகத்தில், உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிட அளவை இப்போது எட்டிவிட்டார். படியேறும்போது கைப்பிடியை முன்போல் இறுகப் பற்றுவதில்லை. தொடைத்தசை வலுப்பெற்றதே காரணம் என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஈரமான டைல்ஸ் தரையில் வழுக்குகிறது. வயதானவர்களுக்கான காலணியில் இதை ஏற்கவே முடியாது. குனிந்து கயிறு கட்டுவதும் அவருக்குச் சிரமமாக இருந்ததால், இழுபடும் கயிறாக மாற்றிவிட்டோம்.