பூட்டில்லாத மடக்குக் கத்தி: நான்கு வாங்கினேன், பையில் தங்கியது ஒன்று

இங்கிலாந்தின் லெஸ்டரில் நகராட்சியிடமிருந்து ஒரு அலாட்மெண்ட் துண்டு, அதாவது காய்கறி போட வாடகை நிலம், எடுத்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டிலிருந்து பேருந்தில் இருபது நிமிடம். கயிறு அறுக்க, உரமூட்டை பிரிக்க, பூசணிக் காம்பு வெட்ட, நடுவில் பசித்தால் ஆப்பிள் நறுக்க என்று கத்தி இல்லாமல் அங்கே ஒரு நாளும் ஓடாது. முதல் வருடம் முழுக்க ஒரு பெரிய மடக்குக் கத்தியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்வந்தேன். திறந்தால் அலகு 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். விரல் மேல் மடங்காது, பாதுகாப்பு என்று நினைத்தே வாங்கியிருந்தேன். பக்கத்துத் துண்டில் லீக் என்ற வெங்காய வகை போடும் பெரியவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, கொட்டகையிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள், பேருந்தில் கொண்டுபோக வேண்டாம் என்றார். ஏதோ அதிகப்படியாகப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், 139-ஆம் பிரிவு. பொது இடத்தில் அலகுள்ள எதையும் தகுந்த காரணம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அதிகபட்சம் நான்கு வருடச் சிறை. இதற்கு ஒரே ஒரு பெரிய விலக்கு: மடக்கக்கூடிய பாக்கெட் கத்தி, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மிகாமல், அதாவது 7.62 சென்டிமீட்டருக்குள். ஸ்காட்லாந்துக்குச் சட்டம் தனி, அளவு அதே மூன்று அங்குலம். பூட்டைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அது 1990-களின் தீர்ப்புகளில் வந்தது. எந்த நேரமும் அப்படியே மடக்க முடிந்தால்தான் அது மடக்குக் கத்தி. ஒரு பொத்தானையோ தகட்டையோ தள்ளிவிட்டுத்தான் மடக்க முடியும் என்றால் அது மடக்குக் கத்தி ஆகாது, நிலையான கத்தி மாதிரிதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, நான் பாதுகாப்புக்கென்று காசு கொடுத்து வாங்கிய பூட்டுதான் என்னைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தது.

தோட்டத்துக்குப் போகும் வழியில் என்றால் காரணம் சொல்லலாம். ஆனால் சொல்லி நிரூபிக்க வேண்டியது நாம். செவ்வாய்க்கிழமை பால் வாங்கப் போகும்போதும் அது பையின் அடியில் கிடந்தால்? 'மறந்துவிட்டேன்' என்பது மட்டும் தகுந்த காரணம் ஆகாது என்றும் தீர்ப்பு இருக்கிறது. தற்காப்புக்கு என்று சொன்னால் கதையே முடிந்தது. இதில் எனக்குப் பிடித்த கூத்து ஒன்று உண்டு: வெண்ணெய் தடவும் மழுங்கல் கத்தியும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று 2005-இல் ஒரு தீர்ப்பு. அது மடங்காதே! சவரம் செய்யும் அளவுக்குக் கூரான இரண்டரை அங்குலப் பேனாக்கத்திக்குக் காரணம் கேட்க மாட்டார்கள், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற கத்திக்குக் கேட்பார்கள்.

சரி, பூட்டில்லாததாக ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். முதல் அடியே சறுக்கல். ஓர் இணையக் கடையில் 'இங்கே சட்டப்படி கொண்டுபோகலாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். வந்த கத்தியின் பிடிக்குள்ளே ஒரு மெல்லிய தகடு நகர்ந்து அலகின் அடியில் முட்டுக் கொடுத்தது. அதுவும் பூட்டுதானே! அளவுகோல் வைத்துப் பார்த்தால் அலகு எட்டு சென்டிமீட்டர். திருப்பி அனுப்பினேன், தபால் செலவு என் தலையில். அடுத்து, மலிவாக இன்னொன்று. இது நிஜமாகவே பூட்டில்லாதது. ஆனால் பிடிக்குள் இருந்து அலகை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் சோனி. பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் நீர் வடிய ஓட்டை போடலாம் என்று முனையை வைத்துக் குத்தித் திருகினேன். அலகு அப்படியே மடங்கி ஆள்காட்டி விரல் மூட்டில் இறங்கியது. இரண்டு தையல். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கத்தியை எடுத்துக் கடுதாசியில் சுற்றிக் குப்பையில் போட்டார், அவ்வளவுதான்.

தப்பு பாதி கத்தியினுடையது, பாதி என்னுடையது. இந்த வகைக் கத்தி வெட்டும்போது மடங்காது. வெட்டும் விசையே அலகைத் திறந்த நிலையில் தள்ளிப் பிடிக்கிறது. முதுகுப் பக்கம் அழுத்தம் வந்தால்தான் மடங்கும். குத்துவது, துளையைத் திருகுவது, மரத்தில் சிக்கிய அலகை மேல்நோக்கி ஆட்டி இழுப்பது, இந்த மூன்றையும் விட்டுவிட்டால் பூட்டின் நினைப்பே வராது. அரிவாள்மனையில் காய் நறுக்கி வளர்ந்த கைக்கு இது புதிதா என்ன? அதற்கும் பூட்டு கிடையாது, எந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது என்று தெரிந்துவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தோம்.

எனவே வாங்கும்போது பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கை. கடையில் கையில் எடுக்க முடிந்தால் நான் இப்போது செய்வது இது. மூடிய கத்தியை அலகு கீழே பார்க்கத் தொங்கவிட்டு உதறுகிறேன். அலகு துளியும் எட்டிப் பார்க்கக் கூடாது. மெதுவாகத் திறக்கிறேன். கடைசி கால்வாசியில் ஸ்பிரிங் தானாக இழுத்து 'டக்' என்று நிறுத்த வேண்டும். 'தொப்' என்று விழுந்தால் வேண்டாம். சில கத்திகள் செங்கோணத்தில் ஒருமுறை நின்று அப்புறம் மடங்கும். விரல் வெட்டுப்பட்ட என்னைப் போன்றவர்களுக்கு அந்த நடு நிறுத்தம் ஒரு வரப்பிரசாதம். முழுக்கத் திறந்ததும் அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஸ்பிரிங்குக்கும் பிடியின் தகடுகளுக்கும் இடையே வெளிச்சம் கசிகிறதா என்றும் பார்க்கலாம். ஸ்பிரிங் ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் தொல்லை. நகம் வைக்கும் பள்ளத்தில் நகம் ஒடிந்தால் அந்தக் கத்தி மேசை இழுப்பறைக்குத்தான் போகும். அளவை விளம்பரத்தில் நம்பாதீர்கள். வெட்டும் விளிம்பு மட்டும்தான் கணக்கு என்றாலும், பிடி முடியும் இடத்திலிருந்து முனை வரைக்கும் அளந்து அதுவே ஏழரை சென்டிமீட்டருக்குள் இருந்தால் யாரிடமும் வாதாட வேண்டாம்.

இனி, அந்த இரண்டுக்கும் பிறகு வாங்கிய நான்கு.

ஓபினெல் எண் 5. பிரான்சின் சவ்வா பகுதியில் 1890-இல் தொடங்கிய பெயர். இதில் எண்தான் முக்கியம். எல்லோரும் சிபாரிசு செய்யும் எண் 8-இன் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருகினால் பூட்டு. அலகும் எட்டரை சென்டிமீட்டர். இரண்டு வகையிலும் விலக்கில் வராது. வளையம் எண் 6-இலிருந்துதான் ஆரம்பம். எண் 5 வரை வெறும் மரப்பிடி, ஓர் ஆணி, ஓர் அலகு. எண் 5-இல் அலகு ஆறு சென்டிமீட்டர். ஸ்பிரிங்கே கிடையாது, மரத்தின் உரசல்தான் அலகைப் பிடித்திருக்கிறது. அலகு அத்தனை மெல்லியது. ஆப்பிளும் தக்காளியும் நறுக்க இந்த நான்கில் இதை மிஞ்ச ஆள் இல்லை. விலையும் குறைவு. ஆனால் உரசலை நம்பியிருக்கும் மரம் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். மழைநாளில் திறக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், ஹீட்டர் ஓடும் அறையில் தளர்ந்துபோகும். பழம் நறுக்கும் கத்தியாகச் சமையலறையில் குடியேறிவிட்டது.

ஸ்பைடர்கோவின் யூகே பென்நைஃப். பெயரைப் பார்த்தாலே தெரியும், இந்த நாட்டுச் சட்டத்துக்காகவே வரைந்தது. அலகு மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இதில் யோசித்திருக்கும் விதம் அழகு: அலகின் அடியில் கூரில்லாத ஓர் அரைவட்டக் குழிவு. பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் அதில் உட்காருகிறது. அலகு மடங்கப் பார்த்தாலும் முதலில் விரலில் முட்டுவது கூரில்லாத அந்த இடம். என் தையலுக்கு முன்னால் இது கையில் இருந்திருக்கலாம். எஃகும் உசத்தி, மாதக்கணக்கில் கூர் நிற்கிறது. அலகில் வட்டத் துளை, கட்டைவிரல் வைத்து ஒரு கையால் திறக்கலாம். மற்றொரு கையில் தக்காளிக் கொடி இருக்கும்போது அருமை. ஆனால் நான் பேருந்தில் போகிறவள். பார்சல் பிரிக்க இதை எடுத்தால் சுற்றியிருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். சட்டம் ஒன்றும் சொல்லாது, தெரியும். எதிர் இருக்கையில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குத்தான் அடுத்த முறை வெளியே எடுக்க மனசு வரவில்லை. விலையும் மற்ற மூன்றையும் சேர்த்தால் வருகிற அளவு. இப்போது கொட்டகையில் இருக்கிறது.

மூன்றாவது ஷெஃபீல்டில் செய்தது. ஆட்டுக்குட்டியின் கால் என்று பெயருள்ள அலகு வடிவம்: விளிம்பு நேர்கோடு, முதுகு மட்டும் நுனியில் சரிந்து இறங்கும். குத்தும் முனை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பார்க்கச் சாது. கயிறு அறுக்கவும் கிளை சீவவும் நேர் விளிம்பு போல் வேறெதுவும் கிடையாது, கடைசி மில்லிமீட்டர் வரை பொருளின் மேல் படுகிறது. கார்பன் எஃகு, எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் மறுநாள் கறுத்திருக்கும், நனைந்தபடி விட்டால் துரு. துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நாளடைவில் சாம்பல்நீலம் பாய்ந்து அழகாகிறது. நான்கில் பார்வைக்கு எனக்கு இதுதான். சட்டைப்பை வைத்து உடுத்துகிற ஆளாக இருந்தால் இதோடு நிறுத்தியிருப்பேன். கைப்பைக்குக் கனம் கொஞ்சம் கூடுதல்.

தங்கியது விக்டோரினாக்ஸ் கேடட். மூடினால் 84 மில்லிமீட்டர், 46 கிராம். சொரசொரப்பான அலுமினியப் பிடி, ஓர் அலகு, டப்பா திறப்பான், மூடி திறப்பான், நக அரம். திருப்புளிகளும் அவற்றின் நுனியிலேயே. எஃகு மிருதுவான ரகம், கூர் சீக்கிரம் போகும். ஆனால் ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்துவிடும். ஸ்பிரிங்கைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. இரண்டு வருடமாக அதே 'டக்'. முக்கியமானது என்னவென்றால், இதை எங்கே வெளியே எடுத்தாலும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ரயிலில் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து ஆள் மூடி திறப்பானைக் கடன் கேட்டார்.

இந்தக் கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். இவர்களின் வழக்கமான சிவப்புப் பிடி, சிலுவையோடு, மூடினால் 111 மில்லிமீட்டர் என்று பெரிய வரிசை ஒன்று இருக்கிறது; அவற்றில் அலகு பூட்டிக்கொள்ளும். 91, 93 மில்லிமீட்டர் வரிசைகளில் கவலை இல்லை. கத்தரிக்கோல் வேண்டும் என்பவர்களுக்கு 91-இல் க்ளைம்பர் இருக்கிறது. கேடட்டில் கத்தரிக்கோல் இல்லாததுதான் எனக்கு உள்ள ஒரே குறை. லெதர்மேன் வேவ் மாதிரி, இடுக்கியோடு பல கருவிகள் ஒன்றாக மடங்கும் பெரிய ரகங்களிலும் அலகு பூட்டிக்கொள்ளும், இடுக்கிதானே என்று பெல்ட்டில் மாட்டிக்கொண்டு திரிகிறவர்கள் கவனிக்க.

அப்புறம், விலக்குக்குள் வரும் கத்தி என்பதற்காக எல்லா வாசலும் திறக்காது. நீதிமன்றத்தின் வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், கால்பந்து மைதானத்திலும் அப்படித்தான். விமானத்துக்குச் சரக்குப் பெட்டியில் போடுங்கள். யாரையாவது மிரட்ட எடுத்தால் இரண்டு அங்குலமும் ஆயுதம்தான்.

தீட்டுவதற்குத் தனியாகக் கல் வாங்கவில்லை. பீங்கான் காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு படாத ஒரு வளையம் சொரசொரவென்று இருக்கும். ஞாயிறு இரவு அதில் பக்கத்துக்குப் பத்துத் தடவை, பிறகு பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் நாலு இழுப்பு. செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்துச் சீவிப் பார்ப்பேன். கிழியாமல் இழைந்து வந்தால் மூடிப் பைக்குள் போடுகிறேன்.