ஃபைனல் ஃபேன்டசி: பழைய பாகங்களில் எதை ஆடலாம், எதை விடலாம்

ஃபைனல் ஃபேன்டசி என்ற ஜப்பானிய ரோல்பிளேயிங் வீடியோ கேம் வரிசையில் இதுவரை எண் போட்ட பாகங்களே 16. "முதல் பாகத்திலிருந்து வரிசையாக ஆடிவிடுகிறேன்" என்று கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இரண்டாவது பாகத்தின் நடுவில் எங்காவது காணாமல் போய்விடுவார்கள். அந்த வரிசை தேவையே இல்லை. ஒவ்வொரு எண்ணும் தனி உலகம், தனி ஆட்கள், தனிக் கதை. சோகோபோ என்ற பெரிய பறவை, மூகிள் என்ற குட்டிப் பிராணி, சிட் என்ற பெயரில் ஒருவர், இவைதான் பல பாகங்களில் தலைகாட்டும். நான்கை ஆடாமல் ஆறுக்குப் போனால் எதுவும் புரியாமல் போகாது. 4, 10 போன்ற சிலவற்றுக்கு நேரடித் தொடர்ச்சிகள் உண்டு. அவை தனி கேம்கள், அந்தக் கவலை பிறகு.

எதன் கதை நன்றாக இருக்கும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எல்லாமே சரியாகத்தான் இருக்கும். நான் கேட்பது வேறு: மெனுவைத் திறந்தால் நோண்டுவதற்கு என்ன இருக்கிறது? இந்த கேம்களில் பாதி நேரம் சண்டையில்தான் போகும். அந்தச் சண்டைக்கு முன்னால் ஆட்களை மாற்றி, திறமைகளைக் கோத்து, "இது எடுபடுமா பார்ப்போம்" என்று இறங்குகிற சுகம் இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். கீழே இருக்கிற தீர்ப்புகள் எல்லாம் அந்தக் கண்ணோட்டத்தில் சொன்னவை. கதைதான் முக்கியம் என்பவர்கள் 4, 6, 9, 10 ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு என் முணுமுணுப்பைத் தள்ளிவிடலாம்.

முதல் ஆறு பாகங்களுக்கும் பிக்சல் ரீமாஸ்டர் என்ற மெருகேற்றிய மறுபதிப்பு போதும். 2021 ஜூலையில் முதல் மூன்றும் வந்தன. 2022 பிப்ரவரியில் ஆறாவதோடு வரிசை முடிந்தது. பழைய புள்ளிப் படங்களை வரைந்த கசுகோ ஷிபுயாவே புதியவற்றுக்கும் பொறுப்பு. இசையை அசல் இசையமைப்பாளர் நோபுவோ உவெமட்சுவின் மேற்பார்வையில் புதிதாக அமைத்திருக்கிறார்கள். இடம் மாறும்போது தானாக சேவ் ஆகிறது, எந்த ஊரில் எத்தனை பெட்டிகள் திறக்காமல் கிடக்கின்றன என்று மேப்பே காட்டுகிறது. 2023-ல் ஸ்விட்ச், பிஎஸ்4 பதிப்புகள் வந்தபோது திடீர்ச் சண்டைகளை நிறுத்திவைக்கும் வசதியும், அனுபவப் புள்ளிகளைப் பெருக்கிக்கொள்ளும் வசதியும் சேர்ந்தன. எழுத்துரு விஷயமும் அப்போதுதான் சரியானது. முதலில் வந்த ஒல்லியான எழுத்துரு அந்தப் படங்களோடு ஒட்டவே இல்லை. இப்போது பிக்சல் எழுத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், முதல் வேலையாக மாற்றுங்கள்.

சரி, எதில் தொடங்குவது? ஐந்தில்.

எல்லோரும் ஆறு என்றோ ஏழு என்றோ சொல்வார்கள். ஐந்து 1992-ல் ஜப்பானில் வந்தது, ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வரவே 1999 ஆகிவிட்டது. அதற்குள் ஏழு வந்து உலகத்தையே புரட்டிப்போட்டிருந்தது. பாவம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நோண்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் பழைய பாகங்களில் கிடையாது.

ஆட்டத்தில் நான்கு பேர். கிரிஸ்டல்கள் ஒவ்வொன்றாக உடைய உடைய, அவற்றின் சில்லுகளிலிருந்து புதுப்புது ஜாப்கள், அதாவது ஆட்களுக்கு மாட்டிவிடும் தொழில்கள், கிடைக்கும்: நைட், மங்க், ஒயிட் மேஜ், நின்ஜா, சாமுராய், கெமிஸ்ட், டான்சர் என்று 20-க்கும் மேல். ஒரு ஜாப்பில் இருந்து கற்ற திறமையை இன்னொரு ஜாப்புக்குக் கொண்டுபோகலாம் என்பதுதான் விஷயமே. ஒரு உதாரணம். குணப்படுத்துகிற மாயக்காரரான ஒயிட் மேஜ் சண்டையில் கைத்தடியால் அடித்தால் எதிரிக்கு அரிப்புகூட வராது. ஆனால் அதே பெண்ணை முதலில் கொஞ்சம் மங்க்காக ஓட்டி, 'பேர்ஹேண்டட்' என்ற வெறுங்கைத் திறமையைக் கற்கவைத்து, பிறகு ஒயிட் மேஜுக்கு மாற்றி அதை மாட்டிவிடுங்கள். மங்க்கின் பலமும் கூடவே வந்துவிடும். மருத்துவம் பார்க்கிற ஆள், வேலை இல்லாத டர்னில் ஆயுதத்தை வைத்துவிட்டு எதிரியை இரண்டு குத்து குத்துவார். இதை கேம் எங்கேயும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்ததும் ஊரையே ஏமாற்றிய திருப்தி கிடைக்கும்.

அப்புறம் புளூ மேஜ். எதிரிகள் போடுகிற வித்தைகளை வாங்கிக்கட்டிக்கொண்டு கற்கிற ஜாப் இது. அதில் ஒன்று 'லெவல் 5 டெத்'. எதிரியின் லெவல் ஐந்தால் வகுபட்டால் அந்த இடத்திலேயே சாவு. வகுபடாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஆக, புதிய எதிரி வந்ததும் அதன் லெவலைப் பார்த்து மனக்கணக்குப் போட ஆரம்பிப்பீர்கள். சாமுராயோ கைக்காசை அள்ளி எதிரிகள் மேல் வீசுவான், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடி விழும். பணம் தீர்ந்தால் வித்தையும் தீர்ந்தது. பாஸ் எனப்படும் பெரிய எதிரியிடம் மாட்டிக்கொண்டால் லெவல் ஏற்றப் போகாமல் ஜாப்களை மாற்றிப் பார்க்கத் தோன்றும். ரோல்பிளேயிங் கேமில் எனக்குப் பிடித்த உணர்வு இதுதான், மற்ற பாகங்கள் இவ்வளவு தாராளமாகத் தருவதில்லை.

கதை? லேசானது. வில்லன் எக்ஸ்டெத் அடிப்படையில் ஒரு மரம். கேலி இல்லை, நிஜமாகவே மரம். அவனுடைய அடியாள் கில்காமேஷ் வருகிற காட்சிகள் எல்லாம் சிரிப்பு: தான் பிடித்திருப்பது எக்ஸ்காலிபர் என்று நம்பி ஒரு வாளை வீசுவான், ஒரே ஒரு புள்ளி அடி விழும். கண்ணீர் வேண்டும் என்பவர்களுக்கு இது உகந்த பாகம் இல்லை. 2006 கேம்பாய் அட்வான்ஸ் பதிப்பில் இருந்த கூடுதல் ஜாப்கள் ரீமாஸ்டரில் இல்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு. முதல் தடவை ஆடுகிறவருக்கு இருப்பதே ஏராளம்.

அடுத்து ஆறு, 1994. இதைப் பற்றி நல்லது சொல்லாதவர் இல்லை, நானும் சொல்கிறேன். 14 பேர் சேர்ந்துகொள்ளலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு தனி வித்தை. சேபின் குத்துவதற்குச் சண்டை கேம் மாதிரி பட்டன்களை வரிசையாக அழுத்த வேண்டும். காவ் என்ற காட்டுப் பையன் வெல்ட் புல்வெளியில் மிருகங்களோடு சேர்ந்து திரிந்து அவற்றின் குணத்தைக் கற்பான். ஓபரா காட்சியை ரீமாஸ்டரில் உண்மையான குரல்களில் பாடவைத்திருக்கிறார்கள். புள்ளிப் பொம்மைகள் மேடையில் நிற்க, பின்னால் மனிதக் குரல் எழும்போது முதலில் விநோதமாகவும் பிறகு சரியாகவும் இருக்கிறது. கதையின் பாதியில் உலகமே உடைந்து, அதற்குப் பின் கேம் உங்கள் கையைவிட்டுவிடும். யாரைத் தேடிப் போவது, எந்த வரிசையில் என்பது உங்கள் இஷ்டம். அந்த உடைவுக்கு முன் நேரம் குறைந்துகொண்டே ஓடும் ஒரு கட்டம் வரும். விளிம்பில் நின்று குதிப்பதா, காத்திருப்பதா என்று கேட்கும். காத்திருங்கள். காரணம் சொல்ல மாட்டேன்.

குறை என்று பார்த்தால் பின்பாதிதான். எஸ்பர்கள் என்ற மாய உயிர்களை மாட்டினால் ஏறக்குறைய யார் வேண்டுமானாலும் எல்லா மாயத்தையும் கற்கலாம். முதல் பாதியில் அவ்வளவு தனித்தனியாக இருந்தவர்கள் கடைசியில் ஒரே அச்சில் வார்த்தவர்கள் போல ஆகிவிடுவார்கள். எனக்கு இது வருத்தம். இருந்தும் ஐந்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

நான்கு, 1991. இதில் நோண்டுவதற்கு எதுவுமே இல்லை. யார் குழுவில் இருப்பது, யார் போவது எல்லாம் கதைதான் முடிவு செய்யும். ஆனால் அதனாலேயே சண்டைகள் கச்சிதமாக இருக்கும்: இந்த நேரத்தில் இந்த ஐந்து பேர்தான் உங்களிடம் இருப்பார்கள் என்று தெரிந்தே ஒவ்வொரு பாஸையும் அமைத்திருக்கிறார்கள். தொடக்கத்திலேயே வருகிற மிஸ்ட் டிராகன் புகையாக மாறும்போது அடித்தால் திருப்பி அடிக்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். யோசிக்கும்போதே நேரம் ஓடுகிற ஏடிபி முறை பிறந்ததும் இதில்தான். விறுவிறுவென்று ஓடி முடிந்துவிடும். நேரம் குறைவாக இருக்கிறவர்களுக்கு நல்ல தேர்வு. பழைய கட்டுரைகளில் "ஃபைனல் ஃபேன்டசி 2" என்று பாராட்டியிருந்தால் அது பெரும்பாலும் இந்த நான்குதான், அமெரிக்காவில் அந்த எண்ணில் விற்றார்கள். ஆறாவதை மூன்று என்று விற்றார்கள். இந்தக் குழப்பத்தில் அசல் இரண்டை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மூன்று, 1990. ஜாப் முறை இங்கேதான் தொடங்கியது. ஐந்தை ஆடிவிட்டு வந்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் இங்கே ஜாப் என்பது பூட்டுக்கு ஏற்ற சாவி. கருடா என்ற பாஸ் வருவதற்கு முன் டிராகூன் ஆயுதங்களைக் கையில் திணிக்கிறது கேம். டிராகூனாக மாறாமல் போனால் மின்னலில் கருகிவிடுவீர்கள். சில இடங்களில் எல்லோரும் குட்டியாகச் சுருங்கித்தான் நுழைய முடியும், சுருங்கினால் வாள் வேலைக்கு ஆகாது, மாயம் மட்டுமே. 2006-ல் நின்டென்டோ டிஎஸ்ஸுக்கு வந்த முப்பரிமாண மறுஆக்கத்தில் பெயரில்லாத அந்த நான்கு அனாதைகளுக்குப் பெயரும் பேச்சும் கொடுத்தார்கள். எனக்கு ரீமாஸ்டரின் பெயரில்லாத பிள்ளைகளே போதும். ஐந்துக்கு முன்னால் ஆடினால் மூன்றும் பிடிக்கும் என்பது என் ஊகம்.

ஒன்று, 1987. ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும் என்று பலர் ஒதுக்குவார்கள், நான் ஒதுக்க மாட்டேன். சின்ன கேம். தொடக்கத்தில் நான்கு பேரின் வகுப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் முடியும்வரை அவர்களோடுதான். நான்கு பேரையும் ஒயிட் மேஜாக வைத்துக்கூட ஆடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நின்டென்டோவின் பழைய ஃபேமிகாம் கருவிக்கு வந்த அசல் பதிப்பைத் தேடிப் போகாதீர்கள். அதில் அறிவு என்ற புள்ளி மாயத்தின் பலத்தை ஏற்றவே ஏற்றாது, நிரலில் இருந்த பிழை. ஒருவர் அடிக்கப்போன எதிரி அதற்குள் செத்துவிட்டால் அடி வீணாகும். ரீமாஸ்டரில் இந்தத் தொல்லைகள் இல்லை.

பிளேஸ்டேஷன் காலத்து மூன்றில், ஏழாவதை (1997) ஆடியே ஆக வேண்டும். அதன் மறுஆக்கங்களை ஆடுகிற எண்ணம் இருந்தால் அசல்தான் முதலில். அவை உங்களுக்குப் பழைய கதை தெரியும் என்ற நம்பிக்கையிலேயே விளையாடுகின்றன. மெட்டீரியா என்ற கற்களை ஆயுதத்தின் குழிகளில் பொருத்துவது ஐந்தின் ஜாப்களுக்கு நல்ல வாரிசு. குணப்படுத்தும் கல்லையும் 'ஆல்' கல்லையும் அடுத்தடுத்து இணைந்த குழிகளில் வைத்தால் ஒரே வீச்சில் மூவருக்கும் சிகிச்சை. பின்னணிப் படங்களில் வழி எது, சுவர் எது என்று தெரியாமல் முட்டிக்கொள்வீர்கள். அதற்கு செலக்ட் பட்டனை அழுத்தினால் அம்புக்குறிகள் தெரியும்.

எட்டு (1999) எனக்கு மிகவும் பிடிக்கும், யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எதிரிகளிடமிருந்து மாயத்தை உறிஞ்சி உடம்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், உங்கள் லெவல் ஏறினால் எதிரிகளும் ஏறுவார்கள். அதனால் சண்டையைத் தவிர்த்து, சீட்டாட்டம் ஆடி, ஜெயித்த சீட்டுகளைப் பொருள்களாக்கி, அவற்றை மாயமாக்கி, கேமின் தொடக்கத்திலேயே யாரும் தொட முடியாத ஆளாகிவிடலாம். இந்த வரி படிக்கும்போதே உங்களுக்கு ஆசை வந்தால் ஆடுங்கள். கொட்டாவி வந்தால் ஒன்பதுக்குப் போங்கள். ஒன்பதில் (2000) விவி என்ற சின்ன பிளாக் மேஜ் மனதைப் பிழிந்துவிடுவான். சண்டைகள் மட்டும் நத்தை வேகம்; வேகமாக்கும் வசதி உள்ள பிந்தைய பதிப்பில்தான் ஆட வேண்டும்.

பத்து (2001), பன்னிரண்டு (2006) இரண்டையும் இப்போது பழையவை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தில் அடுத்து யாருடைய டர்ன் என்பது திரையின் ஓரத்திலேயே தெரியும், சண்டை நடுவிலேயே ஆளை மாற்றலாம். யோசித்து ஆடுகிறவர்களுக்குத் தங்கம். பன்னிரண்டில் 'கூட்டாளியின் உயிர் பாதிக்குக் கீழே போனால் குணப்படுத்து' என்பது மாதிரி விதிகளை எழுதிவைத்துவிட்டு, அவர்கள் தாங்களாகச் சண்டை போடுவதை வேடிக்கை பார்க்கலாம். 2017-ல் வந்த ஜோடியாக் ஏஜ் பதிப்பையே எடுங்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு ஜாப்கள் கிடைக்கும். எனக்கு ஐந்து, ஆறுக்கு அடுத்து இதுதான்.

11, 14 இரண்டும் ஆன்லைன் கேம்கள். அவை வேறு வாழ்க்கை, இங்கே சேர்க்கவில்லை.

இரண்டு மட்டும் மீதி. 1988-ல் வந்த இதில் லெவலே கிடையாது. எதைச் செய்கிறீர்களோ அது வளரும். வாளால் அடித்தால் வாள் வித்தை வளரும், அடி வாங்கினால் உயிர் வளரும். அசலில் ஆட்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு உடம்பை வளர்த்தது ஊரறிந்த கதை. யோசனை துணிச்சலானது, அனுபவிக்கத்தான் முடியவில்லை. ஒரு மாயத்தைக் கற்றால் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் பெரிதாக்க வேண்டும். குகைகளில் வரிசையாகக் கதவுகள், பாதிக்கு மேல் காலி அறைகள், உள்ளே கால் வைத்ததும் சண்டை. எல்லாவற்றையும் முடித்தே தீருவேன் என்ற பிடிவாதக்காரர்கள் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். காலி அறை என்று தெரிந்ததும் திடீர்ச் சண்டைகளை நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள்.